ஸ்லாட் மெஷின்: சக்கரம் சுற்றுவதற்கு முன்பே முடிந்துபோகும் ஆட்டம்

லாஸ் வேகாஸ் கேசினோ ஒன்றில் ஒருவர் ஸ்லாட் மெஷின் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார். மூன்று சக்கரங்கள் சுழல்கின்றன. முதல் சக்கரத்தில் 7 வந்து நிற்கிறது. இரண்டாவதிலும் 7. மூன்றாவது மெதுவாகி, இன்னும் மெதுவாகி, 7-ஐ ஒரு விரற்கடை தாண்டிப் போய் நின்றுவிடுகிறது. "சே, ஜஸ்ட் மிஸ்" என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடி அழுத்துகிறார்.

அங்கே எதுவும் ஜஸ்ட்டில் மிஸ் ஆகவில்லை. பொத்தானை அழுத்திய கணத்திலேயே உள்ளே இருக்கும் சிப் ஒரு எண்ணை எடுத்துவிட்டது, அந்த எண்ணுக்கு என்ன பலன் என்பதும் முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு சக்கரம் சுற்றிய மூன்று நான்கு நொடியும், ஏற்கெனவே வந்துவிட்ட முடிவை ஆளுக்குக் காட்டுகிற படம். சக்கரம் எதையும் தீர்மானிக்கவில்லை. எங்கே போய் நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்லப்பட்டது, போய் நின்றது, அவ்வளவுதான்.

ஸ்லாட் மெஷின் பற்றி நான் படித்ததிலேயே முக்கியமான விஷயமாக எனக்குத் தோன்றுவது இதுதான். மூன்று ரீல், ஐந்து ரீல், வீடியோ, ப்ரோக்ரெசிவ் என்று நூறு வகை சொல்கிறார்கள். அவை பெரும்பாலும் முகத்தின் வகைகள். உள்ளே யார் முடிவெடுக்கிறார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டால் வகைப்பாடே வேறு மாதிரி வரும். ஆனால் எல்லாக் காலத்திலும் இப்படி இருக்கவில்லை. ஒரு காலத்தில் கண்ணால் பார்ப்பதே கணக்காக இருந்தது.

சக்கரம் உண்மை பேசிய காலம்

1891 வாக்கில் நியூயார்க்கின் புரூக்ளினில் சிட்மன் அண்ட் பிட் என்ற நிறுவனம் ஒரு சீட்டாட்ட மெஷின் செய்தது. ஐந்து உருளைகள், அவற்றின் மேல் 50 சீட்டுப் படங்கள். காசு போட்டு நெம்புகோலை இழுத்தால் ஐந்து சீட்டு வந்து நிற்கும், நல்ல போக்கர் கை அமைந்தால் கடைக்காரர் பீரோ சுருட்டோ தருவார். மெஷினே காசு கொட்டாது. இதில் கவனிக்க வேண்டியது அந்த 50 என்ற எண். சீட்டுக்கட்டில் 52 இருக்க வேண்டும் இல்லையா? ஸ்பேடு பத்தையும் ஹார்ட்டின் ஜாக்கையும் எடுத்துவிடுவது வழக்கம். இந்த இரண்டும் இல்லையென்றால் நான்கு ராயல் ஃப்ளஷ்ஷில் இரண்டு அமையவே அமையாது. முகத்துக்கும் கணக்குக்கும் நடுவே இடைவெளி வைக்கும் வேலை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் பொறுமையாக உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறவன் அதைக் கண்டுபிடித்துவிட முடியும்.

அதே 1890களில், பவேரியாவில் பிறந்து சான்ஃபிரான்சிஸ்கோவில் குடியேறிய சார்லஸ் ஃபே என்ற மெக்கானிக் 'லிபர்ட்டி பெல்' மெஷினைச் செய்தார். அவர் செய்த புத்திசாலித்தனம், போக்கரை விட்டுவிட்டது. ஐந்து உருளைகளில் வரும் போக்கர் கைகளை எல்லாம் அடையாளம் கண்டு தானாகக் காசு கொடுக்கும் இயந்திரத்தை அன்றைய பல்சக்கரங்களை வைத்துச் செய்வது லேசான காரியமில்லை. அதனால் மூன்றே ரீல், லாடம், டைமண்ட், ஸ்பேடு, ஹார்ட், உடைந்த மணி என்று ஐந்தே சின்னங்கள். மூன்று மணி வரிசையாக வந்தால் 50 சென்ட், அதாவது பத்து நிக்கல் நாணயம், மெஷினே கொட்டும்.

ஒவ்வொரு ரீலிலும் 10 இடம். ஆக 10 × 10 × 10 = 1,000 விதமாக நிற்கலாம். ஒரு ரீலில் ஒரு சின்னம் ஒரே ஒரு தடவைதான் இருக்கிறதென்றால், அது மூன்றிலும் சேர்ந்து வர வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ரீலைக் கையால் திருப்பிப் பார்த்து யார் வேண்டுமானாலும் போட்டுவிடக்கூடிய கணக்கு இது.

போகிற போக்கில் ஒன்று. இன்றைக்கும் ஸ்லாட் மெஷினில் செர்ரி, எலுமிச்சை, பிளம் என்று பழங்கள் ஏன் இருக்கின்றன? சூதாட்டச் சட்டத்திலிருந்து தப்பிக்க, 'இது சூயிங் கம் விற்கிற மெஷின்' என்று சொல்லிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பழங்கள் கம்மின் சுவைகள். 'பார்' என்ற கறுப்புச் சின்னம் பெல்-ஃப்ரூட் கம் கம்பெனியின் முத்திரையிலிருந்து வந்தது. சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவ வரைந்த படம் நூறு வருஷத்துக்கு மேல் நீடிக்கிறது.

இரும்பு போட்ட எல்லை

மெக்கானிக்கல் ரீலுக்கு ஒரு பெரிய கட்டுப்பாடு உண்டு. பிற்காலத்தில் பரவலான அளவு ரீலுக்கு 22 இடம். 22 × 22 × 22 = 10,648. ஒவ்வொரு ரீலிலும் ஒரே ஒரு ஜாக்பாட் சின்னம் வைத்தால், சராசரியாக 10,648 ஆட்டத்துக்கு ஒரு தடவை ஜாக்பாட் விழும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு டாலர் என்றால் ஜாக்பாட்டில் பத்தாயிரம் டாலர்கூடக் கொடுக்க முடியாது. கொடுத்தால் செர்ரிக்கும் பிளம்முக்கும் கொடுக்க எதுவும் மிஞ்சாது, கேசினோவுக்கும் மிஞ்சாது.

பெரிய பரிசு வேண்டுமென்றால் வாய்ப்பை இன்னும் அரிதாக்க வேண்டும். அதற்கு ரீலைப் பெரிதாக்கலாம், அல்லது நான்காவது ஐந்தாவது ரீல் சேர்க்கலாம். இரண்டையும் செய்து பார்த்தார்கள். பெரிய ரீலைக் கண்டால் ஆட்டக்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவர்கள் மனதுக்குள் போட்ட கணக்கு சரியான கணக்கு. சக்கரம் பெரிசு, அப்போ ஜெயிப்பது கஷ்டம்.

1963-ல் பாலி நிறுவனம் 'மணி ஹனி' என்ற மெஷினைக் கொண்டுவந்தது. மின்சாரத்தில் ஓடியது, அடியில் பெரிய நாணயத் தொட்டி, ஆள் துணையில்லாமலே 500 நாணயம் வரை கொட்டும். பக்கத்துக் கைப்பிடி சீக்கிரமே தேவையற்றதாகிப் போனது, ஆனாலும் விட்டுவைத்தார்கள். ஜனங்களுக்கு இழுத்துப் பழக்கம். மெஷினின் ஒரு உறுப்பு வேலை போய் வேஷமாக மாறத் தொடங்கியது இங்கேதான்.

1976-ல் ஃபார்ச்சூன் காயின் என்ற நிறுவனம் சோனி டிவித் திரையை வைத்து முதல் வீடியோ ஸ்லாட்டை லாஸ் வேகாஸில் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் அதை நம்பத் தயங்கினார்கள். திரையில் வரும் படம் என்ன வேண்டுமானாலும் காட்டலாமே! கண்ணாடிக்குப் பின்னால் சுற்றும் நிஜச் சக்கரத்தில் இருக்கும் நம்பிக்கை படத்தில் வரவில்லை. அப்படியென்றால் நிஜச் சக்கரத்தையே வைத்துக்கொண்டு, அதன் கணக்கை மட்டும் வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா?

1984

முடியும் என்று காட்டியவர் இங்கே டெல்னேஸ். நார்வேயைச் சேர்ந்தவர், பாலியில் வேலை பார்த்தவர். 1984-ல் அவருக்கு ஓர் அமெரிக்கப் பேடன்ட் கிடைத்தது. சீரற்ற எண்ணை வைத்து ரீல் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் மின்னணுக் கருவி என்பது அதன் விஷயம். ஸ்லாட் மெஷின் வரலாற்றை இதற்கு முன், இதற்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்கலாம்.

யோசனை மிக எளிது. வெளியே தெரியும் ரீலில் 22 இடம். உள்ளே, கணினியின் நினைவில், யாருக்கும் தெரியாத இன்னொரு ரீல். அதில் 64 எண்கள் என்று வைத்துக்கொள்வோம். சிப் அந்த 64-ல் ஒன்றை எடுக்கிறது. எந்த எண் வந்தால் வெளி ரீல் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. சூட்சுமம் எல்லாம் அந்த அட்டவணையில். 64 எண்ணை 22 இடத்துக்குப் பங்கிட வேண்டும், சமமாகப் பங்கிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நானே ஒரு பங்கீடு போட்டுப் பார்த்தேன். இது எந்தக் கம்பெனி மெஷினும் அல்ல, புரிவதற்காக. ஜாக்பாட் சின்னத்துக்கு ஒரே ஒரு எண் கொடுக்கிறேன். அதற்கு நேர் மேலே ஒரு வெற்றிடம், நேர் கீழே ஒரு வெற்றிடம். அவற்றுக்கு ஆளுக்கு 6 எண். மிச்சம் 51 எண்ணை மற்ற 19 இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தாச்சு.

இப்போது மூன்று ரீலிலும் ஜாக்பாட் விழ வாய்ப்பு 64 × 64 × 64-ல் ஒன்று, அதாவது 2,62,144-ல் ஒன்று. கண்ணுக்குத் தெரியும் சக்கரம் சொல்வதோ 10,648-ல் ஒன்று. சுமார் 25 மடங்கு வித்தியாசம். மணிக்கு 600 தடவை பொத்தானை அழுத்துகிறவருக்கு (பழகிய ஆட்டக்காரர்களுக்கு இது சாதாரண வேகம்) கண் சொல்லும் கணக்குப்படி சராசரியாக 18 மணி நேரத்துக்கு ஒரு ஜாக்பாட் வர வேண்டும். உள்ளே இருக்கும் கணக்குப்படி 437 மணி நேரம்.

அந்த 'ஜஸ்ட் மிஸ்' விஷயத்துக்கு வருவோம். நேர்மையான சக்கரத்தில், ஒரு சின்னம் கோட்டில் வந்து நிற்பதைவிடக் கோட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ நிற்பது இரண்டு மடங்கு அதிகம் நடக்கும். பக்கத்தில் இரண்டு இடம் இருக்கிறதல்லவா, அதனால். என் அட்டவணையில் அது 12 மடங்கு. மூன்று ரீலில் ஏதாவது ஒன்றிலாவது ஜாக்பாட் சின்னம் கோட்டை ஒட்டி நின்று கண்ணடிப்பது நேர்மையான சக்கரத்தில் நான்கு ஆட்டத்துக்கு ஒரு தடவை. என் அட்டவணையில் கிட்டத்தட்ட இரண்டு ஆட்டத்துக்கு ஒரு தடவை. ஜாக்பாட் 25 மடங்கு அரிதாகியிருக்கிறது, ஆனால் பார்க்கிறவருக்கு முன்னைவிடப் பக்கத்தில் இருப்பதாகத் தெரிகிறது!

இது தற்செயலாக வந்த பக்கவிளைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். பேடன்ட் ஆவணத்திலேயே காரணம் எழுதியிருக்கிறது. சட்டத்தின் எல்லைக்குள் இருந்துகொண்டே, உண்மையில் உள்ளதைவிட அதிக வாய்ப்பு இருப்பதாகத் தோன்றும் மெஷினைச் செய்வது முக்கியம் என்ற பொருளில். மறைத்து வைத்த ரகசியம் ஒன்றும் இல்லை, அரசாங்கத்திடம் பதிவு செய்த காகிதம்.

64 என்பதும் சிறியது. உள் ரீலை 256 ஆக்கினால் வாய்ப்பு 1,67,77,216-ல் ஒன்று. வெளிச் சக்கரம் அதே அளவுதான், ஒரு அங்குலம்கூடப் பெரிதாகவில்லை. கோடிக்கணக்கான டாலர் ஜாக்பாட் என்பது இதற்குப் பிறகுதான் சாத்தியமாயிற்று. 1986-ல் ஐ.ஜி.டி. நிறுவனம் நெவாடா முழுக்க உள்ள கேசினோ மெஷின்களைக் கம்பி வழியே இணைத்து 'மெகாபக்ஸ்' ஆரம்பித்தது. ஒவ்வொருவர் போடும் பணத்திலும் ஒரு சிறு பங்கு பொது ஜாக்பாட்டில் சேரும். ப்ரோக்ரெசிவ் என்று சொல்வது இதைத்தான். 2003 மார்ச்சில் எக்ஸ்காலிபர் கேசினோவில் ஒருவருக்கு 3 கோடியே 97 லட்சம் டாலர் விழுந்தது. அந்த மெஷினின் வாய்ப்பாகக் கணக்கிட்டுச் சொல்லப்படுவது சுமார் 5 கோடியில் ஒன்று.

எது ஏமாற்று, எது இல்லை?

1980களின் கடைசியில் நெவாடாவில் ஒரு சுவாரசியமான வழக்கு. யுனிவர்சல் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் மெஷின்கள் அமோகமாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில், சிப் 'தோல்வி' என்று முடிவு செய்தபிறகு இரண்டாவதாக ஒரு நிரல் வந்து, சாதாரணத் தோல்வியை எடுத்துவிட்டு, பணம் தரும் கோட்டிலேயே 7-7-வெற்றிடம் போன்ற 'கிட்டத்தட்ட வெற்றி' ஒன்றைக் காட்டும். நெவாடா கேமிங் கமிஷன் இது கூடாது என்று 1989-ல் முடிவு சொன்னது. முடிவு வந்தபின் அதை அலங்கரித்து வேறு மாதிரி காட்டக்கூடாது என்பது வாதம்.

சரி, நியாயம். ஆனால் டெல்னேஸ் முறையில் கோட்டுக்கு மேலும் கீழும் ஜாக்பாட் சின்னம் எட்டிப் பார்ப்பது அனுமதிக்கப்பட்டதாகவே நீடித்தது. அது எண்ணிலிருந்து நேராக வருகிறது, நடுவில் யாரும் மாற்றவில்லையாம். சட்ட நுணுக்கமாகப் பார்த்தால் வித்தியாசம் இருக்கிறது. மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது என் கருத்து. ஒன்று பொய் சொல்கிறது, இன்னொன்று பொய்யாகத் தெரியும்படி உண்மையை அடுக்குகிறது.

நூலிழையில் தவறுவது ஏன் இவ்வளவு முக்கியம்? 2009-ல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் மூளை ஸ்கேன் வைத்துச் செய்த ஆய்வில், அப்படித் தவறும்போது வெற்றியின்போது தூண்டப்படும் மூளைப் பகுதிகளில் சில தூண்டப்படுவது தெரிந்தது. கல் எறிந்து மாங்காய் அடிக்கிறவனுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது பயனுள்ள தகவல், அடுத்த கல்லைத் திருத்தி எறியலாம். ஸ்லாட் மெஷினில் திருத்த எதுவுமே இல்லை. ஆனால் மூளை பழகியிருப்பது மாங்காய்க்கு.

எண் எங்கிருந்து வருகிறது

சிப்பில் உள்ள நிரல் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும், நொடிக்கு நூற்றுக்கணக்கில், யாரும் ஆடாத நேரத்திலும். நீங்கள் அழுத்தும் நொடித்துளியில் எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அது உங்கள் எண். 'நான் எழுந்து வந்த மறுநிமிஷம் பக்கத்திலிருந்தவர் உட்கார்ந்து ஜாக்பாட் அடிச்சுட்டார், அது எனக்கு வரவேண்டியது' என்று புலம்புவதில் அர்த்தமில்லை. நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் அவர் அழுத்திய அதே மில்லிநொடியில் அழுத்தியிருக்க மாட்டீர்கள். 'ரொம்ப நேரமா கொடுக்கலை, இனி கொடுத்துத்தான் ஆகணும்' என்பதும் அப்படியே. சிப்புக்குப் பழைய ஆட்டம் நினைவில் இல்லை.

கணக்கிட்டு வருவது என்பதால் அது நிஜமான சீரின்மை அல்ல, போலிச் சீரின்மை. இதைப் பிடித்துக்கொண்டு ஒரு ரஷ்யக் கும்பல் 2014 வாக்கில் அமெரிக்க கேசினோக்களில் ஆடியது. பழைய மாடல் மெஷின் ஒன்றின் எண் வரிசையைக் கண்டுபிடித்து, கேசினோவில் சில ஆட்டங்களைப் போனில் படம்பிடித்து அனுப்பினால், எப்போது அழுத்த வேண்டுமென்று போன் அதிர்ந்து சொல்லும். பிடிபட்டார்கள். கவனியுங்கள், அவர்கள் ரீல் பக்கமே போகவில்லை. எண்ணைத்தான் தாக்கினார்கள்.

90 சதவீதம் என்றால் என்ன

ஸ்லாட் மெஷின் பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடுவது ஆர்.டி.பி., அதாவது போட்ட பணத்தில் எத்தனை சதவீதம் ஆட்டக்காரர்களுக்குத் திரும்பும் என்பது. நெவாடா சட்டப்படி குறைந்தது 75, நியூ ஜெர்சியில் 83. நடைமுறையில் இதைவிட அதிகமாகவே வைப்பார்கள்.

'90 சதவீதம் திரும்பும்' என்று கேட்டதும், 100 டாலர் கொண்டுபோனால் 90 டாலரோடு வீட்டுக்கு வரலாம் என்று தோன்றுகிறது. அது ஒரு சுற்றுக்குத்தான் சரி. திரும்பி வந்த 90-ஐயும் மறுபடி போடுவீர்கள், 81 வரும். அதையும் போடுவீர்கள். பத்துச் சுற்றில் சராசரியாக 35 டாலர், இருபதில் 12. 10 சதவீதம் என்பது நீங்கள் கொண்டுவந்த பணத்தின் மேல் அல்ல, போடப் போட ஒவ்வொரு தடவையும் பிடிக்கிற கழிவு. டாலர் மெஷினில் மணிக்கு 600 ஆட்டம் என்றால் 600 டாலர் புரள்கிறது, 60 போகிறது.

ஆர்.டி.பி. ஒன்றாக இருந்தும் இரண்டு மெஷின்கள் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளலாம். இரண்டு கற்பனை மெஷின்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 100-ல் 45 தடவை 2 டாலர் தரும், வேறு எதுவும் தராது. இரண்டாவது, ஆயிரத்தில் ஒரு தடவை 900 டாலர் தரும். இரண்டுக்கும் ஆர்.டி.பி. 90. இரண்டிலும் 500 ஆட்டம் ஆடினால் சராசரி நஷ்டம் 50 டாலர்.

முதல் மெஷினில் 500 ஆட்டம் ஆடிய 100 பேரில் லாபத்தோடு எழுந்திருப்பவர் ஏறக்குறைய ஒருவர். மற்றவர்கள் சில டாலரோ, ஐம்பதோ, தொண்ணூறோ விட்டிருப்பார்கள், பெரிதாக யாருக்கும் அடியில்லை. இரண்டாவது மெஷினில் 39 பேர் லாபத்தோடு எழுந்திருப்பார்கள், குறைந்தது 400 டாலர். மிச்சம் 61 பேருக்கு 500 டாலரும் மொத்தமாகப் போச்சு, ஒரு நயா பைசா திரும்பவில்லை. வொலடிலிட்டி என்று மெஷின் வகைகளைப் பிரித்துச் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான். ஊருக்குள் வந்து பேசுவது அந்த 39 பேர் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரே பெயர், ஒரே படம், ஒரே பாட்டு உள்ள விளையாட்டைத் தயாரிப்பாளர்கள் பல ஆர்.டி.பி.களில் விற்பார்கள். எது வேண்டுமென்று கேசினோ தேர்ந்தெடுக்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கெவின் ஹாரிகனும் மைக் டிக்சனும் தகவல் அறியும் சட்டத்தின் வழியாக ஒன்டாரியோ மாகாண மெஷின்களின் உள் கணக்குத் தாள்களை வாங்கிப் படித்து 2009-ல் எழுதினார்கள். ஆடுகிறவருக்கு வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

முகம் மாறிய வகைகள்

மூன்று ரீல் மெஷின்களைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் அதிகம் இல்லை. இன்றைய கேசினோவை நிரப்பியிருப்பது ஐந்து ரீல் வீடியோ ஸ்லாட். ஒரு கோட்டுக்குப் பதில் 20, 50 கோடுகள். ஒரு கோட்டுக்கு ஒரு சென்ட் என்று 'பென்னி மெஷின்' பெயர் வேறு, ஆனால் 50 கோட்டிலும் போட்டால் ஒரு அழுத்துக்கு அரை டாலர். 1996-ல் டபிள்யூ.எம்.எஸ். நிறுவனத்தின் 'ரீல் எம் இன்', இரண்டாவது திரையில் மீன் பிடிக்கும் போனஸ் ஆட்டத்தைக் கொண்டுவந்து அமெரிக்காவில் இதைப் பிரபலப்படுத்தியது.

கோடுகள் பெருகியதன் முக்கிய விளைவு வேறு. 20 கிரெடிட் போட்டு அழுத்துகிறீர்கள். ஏதோ ஒரு கோட்டில் 8 கிரெடிட் விழுகிறது. மணி அடிக்கிறது, விளக்கு மின்னுகிறது, பாட்டு வருகிறது. கணக்குப்படி நீங்கள் 12 கிரெடிட் தோற்றிருக்கிறீர்கள். ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் 'வெற்றி வேஷம் போட்ட தோல்வி' எனலாம். டிக்சன், ஹாரிகன் குழுவினர் 2010-ல் தோலின் மின்கடத்தலை அளந்து பார்த்தபோது, இத்தகைய தோல்விக்கு ஆட்டக்காரரின் உடல் காட்டிய பரபரப்பு நிஜ வெற்றிக்கு நிகராகவே இருந்தது. தோற்கிறோம் என்று உடம்புக்கே தெரியவில்லை.

டெல்னேஸின் உள் அட்டவணை அனுமதிக்கப்படாத ஆஸ்திரேலியாவில் (அங்கே இதைப் 'போக்கீஸ்' என்பார்கள்) வேறு வழி பிறந்தது. அரிஸ்டோகிராட் நிறுவனத்தின் 'டால்பின் ட்ரெஷர்' மெஷினில் முதல் நான்கு ரீலில் தலா 30 சின்னம், ஐந்தாவதில் மட்டும் 44. திரையில் எல்லாம் ஒரே உயரம், ஒரே தோற்றம். இது ஆட்டக்காரரை ஏமாற்றும் வடிவமைப்பு என்று சூதுப் பழக்கத்திலிருந்து மீண்ட ஒரு பெண் அந்த நிறுவனத்தின் மீதும் மெல்போர்னின் கிரவுன் கேசினோ மீதும் வழக்குப் போட்டார். 2018 பிப்ரவரியில் ஃபெடரல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பார்க்கிற சக்கரம் கணக்கைச் சொல்லும் என்று நம்ப ஆட்டக்காரருக்கு உரிமை உண்டா என்பதே அடிப்படைக் கேள்வி. ஃபேயின் காலத்து ஆளிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

உள்ளேயே வேறான வகைகள்

இவற்றை அறிந்தபோதுதான் எனக்கு உண்மையில் வியப்பாக இருந்தது. அமெரிக்கப் பழங்குடியினர் நடத்தும் சில கேசினோக்களில் இருக்கும் 'கிளாஸ் டூ' மெஷின், பார்வைக்கு அச்சு அசல் ஸ்லாட். உள்ளே நடப்பது பிங்கோ! 1988-ன் சட்டம் மாநில அரசோடு ஒப்பந்தம் இல்லாமலே பிங்கோ நடத்தப் பழங்குடிகளை அனுமதிக்கிறது. அதனால் பொத்தானை அழுத்தினால், அதே நேரம் அழுத்திய மற்றவர்களோடு சேர்த்து ஒரு பிங்கோ ஆட்டம் நொடியில் முடிகிறது. திரை மூலையில் ஒரு குட்டி பிங்கோ அட்டை தெரியும். ரீல் சுற்றுவது அந்தப் பிங்கோ முடிவைக் காட்டும் பொழுதுபோக்கு. கென்டக்கியில் இன்னும் வேடிக்கை. அங்கே ஸ்லாட் போன்ற மெஷின்களுக்குள் இருப்பது எப்போதோ ஓடி முடிந்த குதிரைப் பந்தயங்களின் முடிவுகள். உங்கள் மூன்று செர்ரியைத் தீர்மானித்தது பல வருஷத்துக்கு முன் ஓடிய ஒரு குதிரை.

பிரிட்டனின் பப்களில் இருந்த ஃப்ரூட் மெஷின்களில் பல, தாங்கள் இதுவரை எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்று நினைவில் வைத்து, குறித்த சதவீதத்துக்கு வருவதற்காக வாய்ப்பைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ரகம். 'ரொம்ப நேரமா கொடுக்கலை, கொடுக்கும்' என்ற நம்பிக்கைக்கு ஓரளவு ஆதாரம் இருக்கும் இடம் அது. ஆனால் அவசரப்பட வேண்டாம். அதே மெஷின்களில் 'அடுத்த எண் பெரிதா சிறிதா' என்று கேட்கும் ஆட்டத்தில், எதைச் சொன்னாலும் தோற்பீர்கள் என்று மெஷின் முன்பே முடிவு செய்திருப்பதும் உண்டு. ஆட்டக்காரர்கள் சிலர் இதைக் கண்டுபிடித்துப் போராடியபின், சில வேளைகளில் வெற்றிக்கு வழியே இல்லாத தேர்வை இந்த மெஷின் தரக்கூடும் என்று மெஷின் மேலேயே எழுதி ஒட்டினார்கள். ஒட்டிய பிறகும் ஆடினார்கள்.

ஜப்பானின் பச்சிஸ்லாட்டில் மூன்று ரீலையும் நிறுத்துவது ஆட்டக்காரரே, ரீலுக்கு ஒரு பொத்தான். கைத்திறமை போலத் தெரிகிறதா? நெம்புகோலைத் தட்டியதும் உள்ளே குலுக்கல் முடிந்துவிடும். பரிசு இல்லை என்று வந்திருந்தால், நீங்கள் 7-ஐச் சரியாகப் பார்த்து அழுத்தினாலும் ரீல் நான்கு சின்னம் வரை வழுக்கிப் போய் நிற்க அனுமதி உண்டு. பரிசு உண்டு என்று வந்திருந்தால் மட்டும் உங்கள் கண்ணும் கையும் வேலைக்கு ஆகும், அதைச் சரியாக அழுத்தி எடுத்துக்கொள்ள வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு மெஷினுக்கும் 1 முதல் 6 வரை ஒரு செட்டிங். கடைக்காரர் எதில் எதை வைத்திருக்கிறார் என்று ஊகிப்பதே தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது, காலையிலேயே கடை வாசலில் வரிசை நிற்கும்.

ஆன்லைன் ஸ்லாட்டில் ரீல் என்ற பொருளே கிடையாது, வெறும் படம். எண் எங்கோ ஒரு சர்வரில் எடுக்கப்பட்டு வந்து சேர்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் கொண்டுவந்த சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிலிருந்து விடுவித்தபோதும், அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடையை ஏற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சையே விட்டுவிட்டு, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுக்கும் தடை போட்டது.

பிரிட்டன் தடை செய்யவில்லை, முகத்தில் கை வைத்தது. 2021 அக்டோபரிலிருந்து அங்கே ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே குறைந்தது 2.5 நொடி இருக்க வேண்டும். தானாக ஓடவிடும் வசதி கூடாது. போட்டதைவிடக் குறைவாகத் திரும்பும்போது பாட்டுப் போட்டுக் கொண்டாடவும் கூடாது. 20 போட்டு 8 விழுந்தால் மெஷின் சும்மா இருக்க வேண்டும்.